ஒரு சொட்டுக்கூட ஒழுகாத கார்

சொக்கம்பேரியில் முட்டாள்களே கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அது என் மாமனார் ஊர், நான் வருஷத்துக்கு நாலு தடவையாவது அங்கே போய்ச் சாப்பிட்டாக வேண்டும்.

தென்காசிப் பக்கத்தில், மலைச்சாரல் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருக்கிறது ஊர். அந்த ஊர்க்காரர்கள் சொன்ன சொல் தட்டாதவர்கள். அது ஒன்றுதான் அவர்கள் மேல் குற்றம். ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் என் மச்சினனிடம், “இங்கேயே நில்லு, வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு, ஏதோ ஞாபகத்தில் வேறு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் தேடிப் போனால் அங்கேயே நிற்கிறான். கம்பம் என்று நினைத்து யாரோ அவன் காலோடு சைக்கிளைச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். “பூட்டும்போது சொல்லக் கூடாதாடா?” என்றேன். “நிக்கத்தானே சொன்னிய அத்தான், பேசச் சொல்லலியே” என்றான்.

அப்படிப்பட்ட ஊரில் ஒரே ஒரு கார் ரிப்பேர் ஷெட். நடத்தியவர் சவரிமுத்து மேஸ்திரி, வெளியூர்க்காரர். அவரிடம் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். மூத்தவன் குத்தாலிங்கம். அவன் யோசிப்பான். யோசிக்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொள்வான். இரண்டையும் மூடினால் தூங்கிவிடுவான். அடுத்தவன் மாடசாமி, கேள்வி கேட்பான். மூன்றாமவன் சுடலையாண்டி இரண்டும் செய்யமாட்டான், சொன்னதைச் செய்வான். மூவரும் சேர்ந்தால் ஒரு ஆள் வேலை நடக்கும், மேஸ்திரி பக்கத்தில் நின்றால்.

இனி காருக்கு வருவோம். பாத்திரக்கடை உலகநாதன் அண்ணாச்சியிடம் ஒரு பழங்கால மோரிஸ் இருந்தது. அவர் அப்பா வெண்கலப் பானை விற்று வாங்கியது. பச்சை நிறம், தவளை முழிப்பது மாதிரி முன்னால் இரண்டு விளக்கு. இஞ்சின் அப்போதும் குத்துக்கல்லாக இருந்தது. கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பர்தான் அத்தனை வருஷ வெயிலில் காய்ந்து, வெடித்து, தொட்டால் முறுக்கு மாதிரி உதிர்ந்தது. கோடையில் அது யாருக்கும் தெரியவில்லை. சாரல் விழுந்ததும் முன்கண்ணாடிக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்தது.

அந்த மூக்கு ஒழுகல் இன்னொரு மூக்கில் போய் முடிந்தது. அண்ணாச்சிக்கு ஒரே மகள் கோமதி. அவளுக்குச் செங்கோட்டையில் மாப்பிள்ளை பார்த்தார்கள், ஆவுடையப்பன் என்று பெயர். தங்கமான பையன், ஆனால் சளி உடம்பு. தலையில் ஒரு சொட்டு பச்சைத் தண்ணீர் பட்டால் போதும், தும்மிவிடுவான். நிச்சயதார்த்தத்துக்கு அண்ணாச்சி பெருமையாகத் தன் காரை அனுப்பி அழைத்து வந்தார். வழியெல்லாம் சாரல். கண்ணாடி இடுக்கு வழியாகத் தண்ணீர் மாப்பிள்ளையின் உச்சந்தலையில் தெறித்தது. வந்து இறங்கி, தாம்பூலத் தட்டை மாற்றுகிற நேரம் பார்த்து, பையன் ஒரே ஒரு தும்மல் போட்டான்.

ஒற்றைத் தும்மல் ஆகாது, இரட்டைத் தும்மல் சுபம் என்பது நம் பக்கத்துச் சாத்திரம். எல்லாரும் இரண்டாவதற்காக அவன் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூக்குப்பொடிகூடக் கொடுத்துப் பார்த்தார்கள். வரவில்லை. மாப்பிள்ளையின் அம்மா பாக்கியத்தம்மாள் தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அண்ணாச்சி நடையாய் நடந்து கெஞ்சினார். கடைசியில் பாக்கியத்தம்மாள் ஜோசியரைக் கேட்டாள். ஜோசியர் ஒரு பரிகாரம் சொன்னார். எந்தக் கார் தும்ம வைத்ததோ அதே காரில்தான் மாப்பிள்ளை அழைப்பு நடக்க வேண்டும், அந்தக் காருக்குள் பையன் தும்மக் கூடாது.

“நல்லாக் கேட்டுக்கிடுங்க” என்றாள் பாக்கியத்தம்மாள். “எம்புள்ள மேல ஒரு சொட்டு விழக்கூடாது. விழுந்துச்சுன்னா அப்படியே வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போயிருவேன்.”

அண்ணாச்சிக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. கோமதிக்கு மாப்பிள்ளையை ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. “அவர் மூக்கையாப்பா நான் கட்டிக்கிடப் போறேன்? தும்மிட்டுப் போகட்டும், எனக்கு அவரே போதும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதாள். அதைக் கேட்ட பிறகு அவருக்கு அந்தக் காரைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

புது ரப்பர் மதுரையிலிருந்து வந்து சேர்ந்தது. ஆனால் அண்ணாச்சியின் போதாத காலம், சவரிமுத்து மேஸ்திரி ஷெட்டில் சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். தென்காசி ஆஸ்பத்திரியில் காலைத் தூக்கிக் கட்டிப் போட்டிருந்தார்கள். வேறு மேஸ்திரி தேட நாள் இல்லை. அண்ணாச்சி மூவரையும் அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே போனார்.

மேஸ்திரி கட்டிலில் படுத்தபடியே பாடம் நடத்தினார். “ஏலே, காதைக் கொடுத்துக் கேளுங்க. முன்கண்ணாடியைக் கழட்டி, பெட்சீட் விரிச்சுப் பத்திரமாப் படுக்க வைங்க. பழைய ரப்பரை உரிச்சுட்டுப் புதுசை மாட்டுங்க. ரப்பர் பள்ளத்துல சுத்திவர நைலான் கயிறைப் போட்டு நுனியை உள்பக்கமா விடுங்க. ஒருத்தன் உள்ள உக்காந்து கயிறைப் பிடிக்கணும், ஒருத்தன் வெளிய நின்னு கண்ணாடியை அமுக்கணும். எது எது உள்ள போகணுமோ அதுக்கெல்லாம் சோப்புத் தண்ணி தடவுங்க. ‘இழு’ன்னு கொரல் வந்ததும் உள்ள இருக்கவன் இழுக்கணும். அதுவரைக்கும் கயிறையும் விடக்கூடாது, எடத்தையும் விடக்கூடாது. கடைசியாத் தண்ணி ஊத்திப் பாருங்க. ஒரு சொட்டு ஒழுகக்கூடாது. எதையும் பாதியில விடாதீங்க, வெளங்குச்சா?”

“வெளங்கிருச்சு மேஸ்திரி” என்றார்கள் மூவரும்.

அந்தக் கயிறு எதற்கு என்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கயிற்றை இழுத்தால் ரப்பரின் உதடு தகர விளிம்பின் மேல் மடங்கி உட்கார்ந்து கவ்விக்கொள்ளும். இழுக்காதவரை கண்ணாடி சும்மா சாய்ந்துதான் நிற்கும். நீங்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை.

வெளியே வந்ததும் அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டார். “ஏ அப்பா, உங்களுக்குக் கோடிப் புண்ணியம். மேஸ்திரி சொன்னதை அப்படியே செய்யுங்க. ஒண்ணு கூட்டவும் வேண்டாம், ஒண்ணு கொறைக்கவும் வேண்டாம்.” அந்த ஊரில் சொல்லக்கூடாத வார்த்தை ஒன்று உண்டென்றால் அதுதான். அண்ணாச்சி மகளுடைய கவலையில் சொல்லிவிட்டார்.

ஷெட்டுக்கு வந்து கண்ணாடியைக் கழற்றினார்கள். அது நன்றாகவே நடந்தது, ரப்பர் தானாகவே உதிர்ந்ததால். மேஸ்திரி மத்தியானம் தூங்குகிற கயிற்றுக் கட்டிலில் பெட்சீட் விரித்தார்கள். தலையணையும் போட்டார்கள். அதற்கப்புறம் கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்கள்.

“படுக்க வைக்கச் சொன்னாவ. தலை எந்தப் பக்கம்?” என்று மாடசாமி கேட்டான்.

குத்தாலிங்கம் ஒரு கண்ணை மூடினான். “எந்தப் பக்கம்னாலும் சரிதான், வடக்க மட்டும் ஆகாது. வாராத வாழ்வு வந்தாலும் வடக்கே தலைவைக்காதேன்னு பெரியவங்க சொல்லியிருக்காவ.”

“சரி, கண்ணாடிக்குத் தலை எது?”

“காருல இருக்கும்போது மேல இருந்தது தலை. கீழ இருந்தது காலு.”

“மேல இருந்தது இதுல எது?”

கழற்றிக் கொண்டுவரும்போது இரண்டு மூன்று தரம் திருப்பிவிட்டார்கள். மூவரும் கண்ணாடியை முன்னும் பின்னும் பார்த்தார்கள். எந்தப் பக்கம் பார்த்தாலும் அதில் அவர்கள் முகம்தான் தெரிந்தது, அது ஒரு வழியும் சொல்லவில்லை. கனம் தாங்காமல் சுடலை ஒரு மூலையை முழங்காலில் தாங்கிக்கொண்டான். கடைசியில் குத்தாலிங்கம்தான் வழி கண்டுபிடித்தான். “கட்டிலைத் திருப்பி கிழக்கு மேற்காப் போடுங்கலே. தலை எங்க இருந்தாலும் வடக்க போகாதுல்லா.”

கண்ணாடியைப் படுக்க வைத்துக் கழுத்துவரை போர்த்தினார்கள். படுத்திருப்பவரை எழுப்பக் கூடாது என்பதால், ஒட்டியிருந்த பழைய ரப்பரைச் சத்தமில்லாமல் நகத்தால் உரித்தார்கள். பேசுவதானால் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். ஒரு வாடிக்கைக்காரர் வந்து ஹாரன் அடித்தார். மாடசாமி ஓடிப்போய், உள்ளே ஆள் படுத்திருக்காவ என்று அவரை அனுப்பிவிட்டான். மேஸ்திரியை ஆஸ்பத்திரியில் கைவிரித்து அனுப்பிவிட்டார்கள் போலிருக்கிறது என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போனார்.

எழுப்பச் சொல்லி மேஸ்திரி சொல்லாததால் அன்றைய வேலை அத்தோடு நின்றது. மறுநாள்தான் மாப்பிள்ளை அழைப்பு. காலையில் ஓட்டு இடுக்கு வழியாக வெயில் விழுந்து கண்ணாடி பளிச்சென்று மின்னியது.

“முழிச்சிட்டாவ” என்றான் சுடலை. வேலையைத் தொடங்கினார்கள்.

ரப்பரைக் கண்ணாடியில் சுற்றி மாட்டினார்கள். பள்ளத்தில் கயிற்றைப் போட்டார்கள். அடுத்தது சோப்பு. “எது எது உள்ள போகணுமோ அதுக்கெல்லாம்னு சொன்னாவ” என்றான் குத்தாலிங்கம். ரப்பருக்குத் தடவினார்கள், கயிற்றுக்குத் தடவினார்கள், தகர விளிம்புக்கும் தடவினார்கள்.

“முடிஞ்சுதா?” என்று கேட்டான் மாடசாமி.

“இல்ல. சுடலையும் உள்ள போகணும்லா.”

சுடலை சட்டையைக் கழற்றிவிட்டு நின்றான். தலையிலிருந்து கால்வரை சோப்புத் தண்ணீர் தடவினார்கள். ஒரு தடவையில் நுரை சரியாக வரவில்லை என்று இன்னொரு தடவை தடவினார்கள். மேஸ்திரி சொன்னது வீண்போகவில்லை, அவன் வழுக்கிக்கொண்டு உள்ளே போனான். எவ்வளவு நன்றாக வழுக்கினான் என்றால் ஒரு கதவு வழியாகப் போய் மறு கதவு வழியாக வெளியே விழுந்தான். இரண்டாம் தடவை மறு கதவை முதலில் சாத்திவிட்டு ஏற்றினார்கள்.

சுடலை முன்சீட்டில் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்தான். மாடசாமி பானெட்டில் ஏறி மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கையாலும் கண்ணாடியை அமுக்கினான். குத்தாலிங்கம் பக்கத்தில் நின்றான். மூவரும் குரல் வருவதற்காகக் காத்திருந்தார்கள். சாரல் வந்தது, காற்று வந்தது, குரல் மட்டும் வரவில்லை.

வெகுநேரம் கழித்து மாடசாமி கேட்டான். “ஏ குத்தாலிங்கம், நானே சொல்லிரட்டுமா?”

“நீ சொன்னா அது ஒன் கொரலுல்லா. மேஸ்திரி ‘மாடசாமி சொல்லணும்’னு சொன்னாவளா?”

“இல்ல.”

“நான் சொல்லணும்னு சொன்னாவளா?”

“அதுவும் இல்ல.”

“கொரல் ‘வரும்’னு தானே சொன்னாவ? வரும்போது வரட்டும். நாமளாச் சொன்னா அது கூட்டுனதுல சேரும். அண்ணாச்சி கூட்டக்கூடாதுன்னு கும்பிட்டுல்லா சொன்னாவ.”

அண்ணாச்சி கும்பிட்டது ஞாபகம் வந்ததும் மாடசாமி வாயை மூடிக்கொண்டு இன்னும் அழுத்தமாக அமுக்கினான். சரி, குரல் வருகிறவரை சும்மா இருப்பானேன், தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிடலாம் என்று குத்தாலிங்கம் குழாயில் டியூபை மாட்டிக்கொண்டு வந்தான்.

“எங்க ஊத்துறது?” என்றான் மாடசாமி. அது நல்ல கேள்விதான்.

“வெளிய ஊத்தினா உள்ள ஒழுகுதான்னு யாரு பாக்கது?”

“சுடலைதான்.”

“சுடலை ஏற்கெனவே நனைஞ்சு கெடக்கான். அவன் மேல விழுற சொட்டு எது, சோப்புத் தண்ணி எதுன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?”

சுடலை கண்ணாடிக்குப் பின்னாலிருந்து தலையை ஆட்டினான், தெரியாதுதான் என்று. குத்தாலிங்கம் ஒரு கண்ணை மூடி, இன்னொன்றையும் பாதி மூடி, தூக்கத்தின் கரைவரை போய்த் திரும்பி வந்தான். “நாம ரெண்டு பேரும் வெளிய காய்ஞ்சு நிக்கோம். தண்ணியை உள்ள ஊத்துவோம். ஒழுகினா நமக்குத் தெரியும். வெளிய வர முடியாத தண்ணி, உள்ள மட்டும் எப்படிப் போகும்?”

மாடசாமிக்குக் கேட்க ஒரு கேள்விகூடக் கிடைக்கவில்லை. அவன் ஆயுளில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி டியூபை உள்ளே விட்டார்கள். தண்ணீர் கதவுக்குக் கீழே ஒழுகியது. ஒரு சொட்டு ஒழுகக் கூடாது என்றால் எப்படி? குத்தாலிங்கம் உரித்த பழைய ரப்பரையெல்லாம் கதவு இடுக்குகளில் திணித்து, மேலே தார் காய்ச்சி ஊற்றினான். காருக்கு அடியில் படுத்து அங்கேயிருந்த ஓட்டைகளையும் தாரால் மெழுகினான். மேஸ்திரியே பார்த்திருந்தால் மெச்சியிருப்பார், தண்ணீர் வண்டிக்குச் செய்திருந்தால்.

மத்தியானத்துக்கு ஒழுகல் நின்றது. தண்ணீர் சீட்டைத் தாண்டி, சுடலையின் தொப்புளைத் தாண்டி, நெஞ்சுக்கு வந்தது. அவன் கயிற்றை மட்டும் விடவில்லை. குத்தாலிங்கம் ஜன்னல் இடுக்கு வழியாகப் புரோட்டாவைச் சால்னாவில் தோய்த்து அவனுக்கு ஊட்டினான். பானெட்டில் கிடந்த மாடசாமிக்கும் ஊட்டினான். நாலு மணிக்குப் பார்த்தபோது வெளியே ஒரு சொட்டு இல்லை. தரை காய்ந்து கிடந்தது. அவர்களுக்கு ஏற்பட்ட பெருமையை எழுத என்னால் ஆகாது.

மாப்பிள்ளை அழைப்பு பிள்ளையார் கோயில் வாசலில் தொடங்குவதாக ஏற்பாடு. ஷெட்டிலிருந்து கோயில்வரை சரிவு. குத்தாலிங்கம் பின்னாலிருந்து ஒரு தள்ளுத் தள்ள, சுடலை காலாலேயே பிரேக்கை விட்டுப் பிடிக்க, பானெட்டில் மாடசாமி கண்ணாடியை அமுக்கியபடி இருக்க, கார் தளும்பித் தளும்பிப் போய்க் கோயில் வாசலில் நின்றது.

அங்கே பட்டு வேட்டியும் பன்னீர்ச் செம்புமாக அண்ணாச்சி காத்துக்கொண்டிருந்தார். பன்னீர்ச் செம்பு கையிலிருந்து நழுவியது.

“ஏலே, உள்ள என்னது?”

“சுடலை, அண்ணாச்சி.”

“அது தெரியுது. சுடலையைச் சுத்தி?”

“தண்ணி.”

“காருக்குள்ள தண்ணி எதுக்குலே?”

“வெளிய வருதான்னு பாக்கதுக்கு. காலையிலேருந்து பாக்கோம். ஒரு சொட்டு வரணுமே!” குத்தாலிங்கம் பெருமையோடு தார் பூசிய கதவைத் தட்டிக் காட்டினான்.

அண்ணாச்சி கதவைப் பிடித்து இழுத்தார். கைப்பிடி மட்டும் வந்தது. “பாவிகளா, மாப்பிள்ளை எப்படிலே உள்ள போவாரு?”

குத்தாலிங்கம் ஒரு கண்ணை மூடினான். “அதை ஒருத்தரும் சொல்லலியே, அண்ணாச்சி. தண்ணி போகக் கூடாதுன்னுதான் சொன்னிய. மாப்பிள்ளை போகணும்னு நீங்களும் சொல்லல, மேஸ்திரியும் சொல்லல.”

அண்ணாச்சி சுடலையைப் பார்த்துக் கத்தினார். “நீயாவது வெளிய வாலே!” சுடலை பணிவாகக் கயிற்றைத் தூக்கிக் காட்டினான். இடத்தை விடக் கூடாதென்று உத்தரவு.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் நாதஸ்வரம் கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். இந்தக் கோலத்தைப் பாக்கியத்தம்மாள் பார்த்தால் கல்யாணம் நடக்காது. அண்ணாச்சி அவசரமாக வேட்டியை மடித்துக் கட்டினார். எப்படியாவது காரைக் கோயிலுக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு வேறு ஏதாவது பொய் சொல்லலாம் என்று நினைத்தார். பந்தல் கயிற்றை அவிழ்த்து முன் பம்பரில் கட்டி, சொந்தக்காரப் பையன்களையெல்லாம் கூப்பிட்டார். உள்ளே ஒரு குளத்துத் தண்ணீர், கார் அசையவில்லை. அண்ணாச்சி தொண்டை கிழியக் கத்தினார்.

“இழு! இழுங்கலே! இழு!”

சுடலையின் முகம் மலர்ந்ததே, அதைப் பார்த்திருக்க வேண்டும். காலையிலிருந்து காத்திருந்த குரல். கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, காலை உதைத்துக்கொண்டு, பலங்கொண்ட மட்டும் இழுத்தான்.

வெளியே பையன்களும் அதே நேரம் இழுத்தார்கள். கார் வெடுக்கென்று குதித்து நின்றது. தண்ணீர் பின்னால் போய், திரும்பி முன்னால் வந்தது. கயிறு ரப்பரோடு சேர்ந்தே பிய்த்துக்கொண்டு வந்தது. அடுத்த கணம் முன்கண்ணாடி முழுசாகக் கழன்று பாய்ந்தது. மாடசாமி அதை நெஞ்சோடு அணைத்தபடி பானெட்டில் வழுக்கி இறங்கி, கீறல்கூட விழாமல் தெருவில் உட்கார்ந்தான். அவனுக்குப் பின்னாலேயே தண்ணீர் வந்தது. காலையில் தடவிய சோப்பு அத்தனையும் அதில் நுரைத்திருந்தது.

குடைக்குக் கீழே, தாயின் கையைப் பிடித்தபடி, ஆவுடையப்பன் அப்போதுதான் முனை திரும்பிக் காருக்கு எதிரே வந்திருந்தான்.

தண்ணீர் வடிந்தபோது மாப்பிள்ளை நுரைக்குள் நின்றான். கண் இரண்டு மட்டும் தெரிந்தது. நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டார். எல்லாரும் ஒரே இடத்தைத்தான் பார்த்தார்கள். நுரைக்கு நடுவில் ஒரு மூக்கு மெல்ல விடைத்தது.

“அச்!”

ஒன்று. ஒன்றேதான். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். இன்னொன்று வரவில்லை.

பாக்கியத்தம்மாள் திரும்பி, “வண்டியைத் திருப்புங்க” என்றாள். அண்ணாச்சி கோயில் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கோமதியிடம் போய் என்ன சொல்வது என்று நினைத்ததும் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

அப்போது காருக்குள்ளிருந்து, காலை முதல் நெஞ்சளவு தண்ணீரில் ஊறிய ஒரு மூக்கு வெடித்தது.

“ஹா... அச்ச்ச்!”

பிள்ளையார் கோயில் மணி லேசாக ஆடியது. பாக்கியத்தம்மாள் நின்றாள்.

“அது யாரு?”

“சுடலைம்மா” என்றான் குத்தாலிங்கம். “ரெண்டாவது தும்மல்.”

“மூக்கு வேறல்லா?”

“ரெட்டைத் தும்மல் சுபம்னுதான் கேள்விப்பட்டிருக்கோம். ஒரே மூக்காத்தான் இருக்கணும்னு யாரும் சொல்லலியேம்மா.”

பாக்கியத்தம்மாள் யோசித்தாள். “சரி. ஜோசியர் சொன்னது?”

“அதே காருதானே அழைக்க வந்திருக்கு. காருக்குள்ள மாப்பிள்ளை தும்மக் கூடாதுன்னு சொன்னாராம். மாப்பிள்ளை வெளிய நின்னுல்லா தும்முனாவ.”

“ஒரு சொட்டு விழக்கூடாதுன்னு நான் சொன்னது?”

குத்தாலிங்கம் தெருவைப் பார்த்தான், மாப்பிள்ளையைப் பார்த்தான், பிறகு மிகவும் மரியாதையாகச் சொன்னான். “இது ஒரு சொட்டாம்மா?”

உங்களிடம் சொல்ல மறந்துவிட்டேன். பாக்கியத்தம்மாளைச் செங்கோட்டைக்குக் கட்டிக்கொடுத்தார்களே தவிர, அவள் பிறந்த ஊர் சொக்கம்பேரிதான். அவளுக்கு நியாயம் என்றால் நியாயம்.

“சரியாத்தானே சொல்லுதான்” என்றாள். “ஏம்ப்பா, மேளத்தை வாசிங்க. அந்தத் தும்முற புள்ளையை இறக்கித் துவட்டுங்க. நாளைக்குத் தாலி கட்டி முடியறவரைக்கும் அது எம்புள்ள பக்கத்துலயே இருக்கட்டும்.”

அண்ணாச்சி படியிலிருந்து எழுந்து குத்தாலிங்கத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். குத்தாலிங்கத்துக்கு எதற்கென்று விளங்கவில்லை, ஆனாலும் சேர்ந்து அழுதான். மாடசாமி மட்டும் கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு, “இப்ப இதுக்குத் தலை எது?” என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் முகூர்த்தம். மணவறையில் மாப்பிள்ளைக்கு ஒரு பக்கம் கோமதி, மறுபக்கம் சுடலை, புது வேட்டி சட்டையில். அவன் கையில் நைலான் கயிறு. இழுத்தாகிவிட்டது, ஆனால் விடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அவனை ஒட்டி மாடசாமியும் குத்தாலிங்கமும் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை தாலியை எடுக்கும்போது ஒரு தும்மல் போட்டான். சுடலை உடனே பதில் தும்மல் போட்டான். கூட்டம் ஆரவாரம் செய்தது. கோமதி தலைகுனிந்தபடியே சிரித்துவிட்டாள்.

கெட்டிமேளம் முழங்கியது. “கட்டு, கட்டு! நேரம் போகுது, கட்டுப்பா!” என்று பெரியவர்கள் எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

ஆவுடையப்பன் கோமதியின் கழுத்தில் தாலியைக் கட்டினான். சுடலை தன் கையிலிருந்த கயிற்றை, பக்கத்திலிருந்த மாடசாமியின் கழுத்தில் கட்டினான்.

அங்கே மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட்டதும், முறைப்படி மீதி இரண்டு முடிச்சைப் போட அவன் தங்கை, நாத்தனார் முறையில், குனிந்தாள். இங்கே மாடசாமி கழுத்தைத் தடவிப் பார்த்தான். பிறகு வழக்கம்போல ஒரு கேள்வி கேட்டான்.

“ஏ குத்தாலிங்கம், எனக்கு மீதி ரெண்டு முடிச்சை யாரு போடுறது?”

குத்தாலிங்கம் ஒரு கண்ணை மூடி யோசித்தான். எதையும் பாதியில் விடக் கூடாதென்று மேஸ்திரி சொல்லியிருந்தது ஞாபகம் வந்தது. குனிந்து இரண்டையும் இறுக்கிப் போட்டான்.